இரும்புத் தோளுக்குப் பின்னால் வரும் கை

கபடியில் ஆரோக்கியசெல்வி இடது மூலை. பாடி வருகிறவளின் கணுக்காலைப் பிடித்து விடாமல் வைத்திருப்பதுதான் மூலைக்காரியின் வேலை. மற்றவர்கள் வந்து அமுக்கும்வரை அந்தக் கால் கையைவிட்டுப் போகக் கூடாது. செல்வியின் கையில் மாட்டிய கால் போனதில்லை என்று விழுப்புரத்தில் அவள் படித்த கல்லூரியில் எல்லோருக்கும் தெரியும்.

மூன்றாம் ஆண்டில் ஒரு போட்டியில் அப்படித்தான் ஒரு காலைப் பிடித்தாள். பிடித்த வேகத்தில் மேலே நாலைந்து பேர் விழுந்தார்கள். எல்லோரும் எழுந்த பிறகும் செல்வியால் மட்டும் எழ முடியவில்லை. வலது முட்டியில் ஜவ்வு கிழிந்திருந்தது. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது; நல்லபடியாகவே நடந்தது. ஆனால் காலை ஊன்றி நடக்கவே மெல்ல மெல்லத்தான் பழக வேண்டும், மைதானத்தை இந்த வருஷம் நினைக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

திண்டிவனத்திலிருந்து பிரம்மதேசம் போகிற வழியில் அவள் ஊர். அப்பா சென்னையில் கொத்தனார். மாதத்துக்கு இரண்டு முறை வந்து போவார். அம்மா இருதயமேரி ஊரில் மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்க, களை எடுக்க என்று கூலி வேலைக்குப் போகிறவள். வீட்டில் பகலெல்லாம் செல்வி தனியாகக் கட்டிலில் கிடந்தாள். வேலை முடிந்து வந்து அம்மா ஏதாவது கேட்டால் ஒரு வார்த்தையில் பதில் வரும். சில நாள் அதுவும் வராது. மூன்று ஊருக்குக் கேட்கிற மாதிரி சிரிக்கிற பெண் இப்படி வாயை மூடிக்கொண்டது இருதயமேரிக்கு ஆபரேஷனைவிடப் பெரிய பயமாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் அவளோடு கபடி ஆடுகிற பூமாலை பார்க்க வந்தாள். சாத்துக்குடியோடு ஒரு பென்டிரைவும் கொண்டுவந்திருந்தாள். அதில் ஒரு சண்டை விளையாட்டு இருந்தது. பெயர் ‘டஸ்ட் கிங்ஸ்’. எங்கோ ஒரு சின்னக் கூட்டம் செய்து இலவசமாக விட்ட விளையாட்டு. பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். செல்விக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப் வீட்டில் இருந்தது. பூமாலை அதிலேயே ஏற்றிக் கொடுத்து, தன் தம்பியின் பழைய கன்ட்ரோலர் இரண்டையும் வைத்துவிட்டுப் போனாள்.

விளையாட்டு இதுதான். திரையில் இரண்டு பேர் எதிரெதிரே நிற்பார்கள். குத்தலாம், உதைக்கலாம், தடுக்கலாம், பிடித்துத் தூக்கி எறியலாம். யாருக்கு முதலில் தெம்பு தீர்கிறதோ அவர் தோற்றார். பதினெட்டு வீரர்களில் யாரை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். செல்வி வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்து ஒருத்தியிடம் நின்றாள். அவள் பெயர் போர்கா. மரம் மாதிரி உடம்பு, இடது தோளில் தட்டு போல ஒரு பெரிய இரும்புக் கவசம். வேகம் கிடையாது, குத்து மெதுவாகத்தான் வரும். அவளுக்குத் தெரிந்த வித்தை பிடிப்பது ஒன்றுதான். குனிந்து, கைகளைத் தொங்கவிட்டு, எதிராளியின் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். செல்வி வேறு யாரையும் எடுத்துப் பார்க்கவே இல்லை.

முதல் இரண்டு வாரம் கம்ப்யூட்டரிடமே தோற்றுக்கொண்டிருந்தாள். ஏன் தோற்கிறோம் என்று தெரியவில்லை. தேடியபோது யூடியூபில் ஒரு தமிழ்ச் சேனல் கிடைத்தது. நடத்துகிறவர் நெடுஞ்செழியன். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருப்பவர். செல்விக்கு இது பெரிய ஆச்சரியம். உலகத்தில் எங்கோ இருப்பார் என்று நினைத்த ஆள் எட்டாவது ஸ்டாப்பிங்கில் இருந்தார்.

ஃப்ரேம் என்றால் என்ன என்று அவர் வீடியோவில்தான் செல்வி தெரிந்துகொண்டாள். திரையில் ஓடுவது உண்மையில் அசையாத படங்கள்; நொடிக்கு அறுபது. ஒவ்வொரு படமும் ஒரு ஃப்ரேம். பொத்தானை அமுக்கியதிலிருந்து குத்து எதிராளி மேல் படுவதற்குள் எத்தனை படம் போகிறது, குத்து தவறினால் கை பழைய இடத்துக்குத் திரும்ப எத்தனை படம் ஆகிறது என்று எண்ணி வைத்துக்கொண்டால், எந்த அடிக்கு எதை வைத்துப் பதில் சொல்லலாம் என்று தெரிந்துவிடும். வேகமான குத்து நாலு ஃப்ரேமில் படும். போர்காவின் பிடி விழப் பன்னிரண்டு ஆகும். ஆனால் குத்தைத் தடுக்கலாம், பிடியைத் தடுக்க முடியாது. பிடியிலிருந்து தப்ப இரண்டு வழிதான். ஒன்று, அது வருவதற்குள் குதித்துவிட வேண்டும். இல்லாவிட்டால், மாட்டிய உடனே உதற வேண்டும். இடது கை நீண்டு வந்து பிடித்தால் இடது பொத்தானை அமுக்கினால் உதறலாம். வலது கைக்கு வலது பொத்தான். இரண்டு கையும் வந்தால் இரண்டும். தப்பாக அமுக்கினால் தூக்கி எறியப்படுவது நிச்சயம்.

நெடுஞ்செழியன் ஒவ்வொரு வீரருக்கும் இந்தக் கணக்கை அட்டவணையாகப் போட்டு வைத்திருந்தார். போர்காவின் அட்டவணையில் கடைசியில் ‘கணுக்கால் பிடி’ என்று ஒன்று இருந்தது. போர்கா தரையோடு தாழ்ந்து எதிராளியின் காலைப் பிடிப்பாள். அதற்கு நேரே அவர் எழுதியிருந்தது: குதிப்பவரைப் பிடிக்காது, பயனில்லை.

செல்வி அதைப் படித்துவிட்டு முதல்முறையாகக் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அவளுக்கு அது சரியாகப் படவில்லை. மைதானத்தில் ஒருத்தி எகிறிக் குதிக்கப் போகிறாள் என்றால், குதிப்பதற்கு முன்னால் அவள் கால் மண்ணை இன்னும் அழுத்தி ஊன்றும். அப்போது அந்தக் காலை அவளாலேயே நகர்த்த முடியாது. மூலைக்காரி காத்திருப்பது அதற்காகத்தான். இந்த விளையாட்டைச் செய்தவர்கள் அதை யோசிக்காமலா ஒரு கணுக்கால் பிடியை வைத்திருப்பார்கள்?

திரையில் நடப்பதைப் பதிவு செய்து, ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்திப் பார்த்தாள். குதிக்கிற பொத்தானை அமுக்கினால் ஆள் உடனே மேலே போவதில்லை. மூன்று ஃப்ரேமுக்கு முட்டி மடங்குகிறது, பாதம் தரையில் இருக்கிறது. நாலாவதில்தான் பாதம் எழும்புகிறது. அந்த மூன்றுக்குள் கணுக்கால் பிடி போய் விழுந்தால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும். ஆனால் கம்ப்யூட்டர் ஆளை நினைத்த நேரத்தில் குதிக்க வைக்க அந்த விளையாட்டில் வசதி இல்லை. இன்னொரு கன்ட்ரோலரைப் பிடிக்க இன்னொரு மனிதர் வேண்டும்.

இருதயமேரி அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, கைகால் கழுவிக்கொண்டு டீயோடு உட்கார்ந்திருந்தாள்.

“ம்மா, இத்த கையில வெச்சிக்க. நான் சொல்லும்போது இந்தப் பட்டன அமுக்கு.”

“அமுக்குனா இன்னா ஆவும்?”

“உன் ஆளு குதிப்பா. நான் அவ கால புடிக்கணும்.”

இருதயமேரி ஒரு நிமிஷம் மகள் முகத்தையே பார்த்தாள். அவள் இவ்வளவு பேசி ரொம்ப நாளாகியிருந்தது. டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு, கன்ட்ரோலரை வாங்கிக்கொண்டாள்.

அவளுடைய ஆள் சிவப்புப் பாவாடை கட்டிய ஒரு ஈட்டிக்காரி. பெயர் லின்யா. இருதயமேரிக்கு அந்தப் பெயர் கடைசிவரை வாயில் வரவில்லை. செகப்புப் பாவாடை என்றே சொன்னாள். செல்வி ‘இப்போ’ என்று சொல்வாள், இருதயமேரி அமுக்குவாள். ஒருமுறை சீக்கிரம், ஒருமுறை தாமதம், ஒருமுறை வேறு பொத்தான். ஒரே மாதிரி இரண்டு தடவை அமுக்கவில்லை. அதுவே வசதியாகப் போயிற்று. அன்று சாயங்காலம் குதிப்பின் ஒவ்வொரு ஃப்ரேமிலும் பிடி விழுந்ததற்குப் பதிவு கிடைத்துவிட்டது.

செல்வி நகர்த்திப் பார்த்தாள். முதல் ஃப்ரேமில் விழுந்த பிடி காலைப் பிடித்திருந்தது. இரண்டாவதிலும் பிடித்திருந்தது. மூன்றாவதிலும். நாலாவதில் விழுந்த பிடி காற்றைத்தான் பிடித்தது. மற்ற பிடிகளையும் அதே மாதிரி பார்த்தாள். அவை முதல் மூன்றிலும் விழவே இல்லை. குதிக்கத் தொடங்கியவரை அவை தொடாது. கணுக்கால் பிடி மட்டும்தான் தொட்டது. அட்டவணையில் பயனில்லை என்று இருந்தது தப்பு. பிடிக்குப் பயந்து எல்லோரும் செய்கிற ஒரே காரியம் குதிப்பது. அப்படிக் குதிப்பவரைப் பிடிக்கிற பிடி போர்காவிடம் ஆரம்பத்திலிருந்தே இருந்திருக்கிறது.

நெடுஞ்செழியனுக்கு எழுதினாள். அவர் மரியாதையாகவே பதில் போட்டார். பழைய லேப்டாப்பில் பதிவு செய்தால் நடுவில் ஃப்ரேம் விட்டுப்போகும், அதனால் அப்படித் தெரிந்திருக்கலாம், தன் கடையில் நல்ல மெஷின் இருக்கிறது, முடிந்தால் வந்து காட்டுங்கள் என்றார். செல்வி ஊன்றுகோலோடு பஸ் ஏற அம்மா முதலில் சம்மதிக்கவில்லை. பிறகு தானும் வருவதாகச் சொன்னாள். குதிக்கிறது நான்தானே என்றாள்.

கடை சின்னது. கண்ணாடி உடைந்த போன்களோடு இரண்டு பேர் காத்திருந்தார்கள். நெடுஞ்செழியனுக்கு முப்பது வயது இருக்கும். ஒல்லியானவர்; கழுத்தில் ஒரு பூதக்கண்ணாடியை மாட்டியிருந்தார். அம்மாவும் பெண்ணும் ஸ்டூலில் உட்கார்ந்து அதே வேலையைத் திரும்பச் செய்தார்கள். இருதயமேரி இப்போது சொன்ன நேரத்துக்கு அமுக்கப் பழகியிருந்தாள். நெடுஞ்செழியன் ஃப்ரேம்களை நகர்த்தினார். பின்னால் போனார், மறுபடி நகர்த்தினார். பூதக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மூன்றாவது தடவை பார்த்தார்.

“நான் ரெண்டு வருஷமா தப்பா சொல்லிக்கினு இருந்திருக்கேங்க” என்றார். சொல்லும்போதே முகம் மலர்ந்துவிட்டது. பிடித்த விளையாட்டில் தெரியாத அறை ஒன்று திறந்த சந்தோஷம் அவருக்கு. போனைச் சரிசெய்ய வந்தவர்கள் போனை மறந்துவிட்டு, யார் யார் காலைப் பிடித்தார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் அவரே டீ வாங்கிக் கொடுத்தார்.

அன்றைக்கே அட்டவணையைத் திருத்தினார். வீடியோவும் போட்டார், கண்டுபிடித்தவர் ஆரோக்கியசெல்வி, குதித்தவர் அவருடைய அம்மா இருதயமேரி என்று ஆரம்பத்திலேயே சொன்னார். பெயரே வாயில் நுழையாத ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்டக்காரர்கள் தாங்களும் செய்து பார்த்து, சரிதான் என்று எழுதினார்கள். செல்வி அவற்றை அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள். சென்னையிலிருந்து அப்பா போன் செய்து, வேலை செய்கிற இடத்தில் எல்லோருக்கும் காட்டியதாகச் சொன்னார். அவருக்கு எதுவும் புரிந்திருக்கவில்லை. பெயர் புரிந்தது, அது போதும் என்றார்.

இது வெளியே தெரிந்ததும் ஒன்று மாறியது. போர்காவுக்கு முன்னால் யாரும் குதிப்பதில்லை. நின்ற இடத்தில் நின்று, வருகிற கையைப் பார்த்து உதறப் பழகிக்கொண்டார்கள். ஆக செல்வியின் அடுத்த ஆராய்ச்சி உதறுவதைப் பற்றியதாயிற்று. எந்தக் கை வருகிறது என்று எதிராளிக்கு எத்தனையாவது ஃப்ரேமில் தெரிகிறது, அதற்குள் பதில் பொத்தானை அமுக்க முடியுமா? இதற்கும் ஆள் வேண்டும். இருதயமேரி தினமும் சாயங்காலம் உட்கார்ந்தாள். செல்வி பிடிப்பாள், அவள் உதறுவாள். முதல் வாரம் பத்தில் ஒன்றை உதறினால் பெரிசு. இரண்டு மாதம் கழித்துப் பத்துக்கு எட்டு உதறினாள். உதறிவிட்டு ஒரு உதையும் விட்டாள். அதைச் செல்வி சொல்லிக் கொடுக்கவில்லை. சும்மா விடக் கூடாது என்று அவளுக்கே தோன்றியதுதான்.

ஒரு நாள் இடம் மாறிப்போனது. எப்போதும் திரையின் இடது பக்கம் நிற்கிற போர்கா, வலது பக்கம் போய் நின்றாள். அன்று அம்மா வரிசையாக மாட்டிக்கொண்டாள். நாலு தடவை தூக்கி எறியப்பட்ட பிறகு கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டாள்.

“நீ அந்தப் பக்கம் நின்னுக்கினு புடிச்சா எந்தக் கையின்னே தெரியல. அந்த இரும்புத் தட்டு மறைக்குது. பேஜாரா இருக்குது. பழைய பக்கமே வா.”

செல்வி பழைய பக்கம் போகவில்லை. ஃப்ரேம்களை நகர்த்தினாள். போர்கா இடது பக்கம் நின்று வலப்புறம் பார்க்கும்போது, கவசம் போட்ட தோள் பார்ப்பவருக்கு மறுபுறம் போய்விடுகிறது. கை கிளம்பிய நாலாவது ஃப்ரேமிலேயே எந்தக் கை என்று தெரிகிறது. வலது பக்கம் நின்று இடப்புறம் திரும்பினால், கவசம் பார்ப்பவர் பக்கம் வந்துவிடுகிறது; ஒன்பதாவது ஃப்ரேம்வரை கைகள் அதற்குப் பின்னால்தான் இருக்கின்றன. ஐந்து ஃப்ரேம் என்பது கண் சிமிட்டுகிற நேரம்கூட இல்லை. ஆனால் உதறுகிறவரின் வாழ்வே அந்த ஐந்தில் இருந்தது. இதையும் நெடுஞ்செழியனிடம் சொன்னாள். இந்த விளையாட்டுக்கு ஒரு போட்டி வருகிறது, அது முடியட்டும், அப்புறம் வீடியோ போடலாம் என்று அவர் கண்ணைச் சிமிட்டினார்.

போட்டி விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முந்தின நாள் அங்கே கல்யாணம் நடந்திருந்தது. வாசலில் வாழைமரமும், மேடையில் மணமக்கள் பெயரும் அப்படியே இருந்தன. அந்தப் பெயர்களுக்குக் கீழே பெரிய திரை கட்டியிருந்தார்கள். சுற்றுவட்டாரத்திலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் ஆட வந்திருந்தார்கள். செல்வி ஊன்றுகோல் இல்லாமல், முட்டியில் பட்டையோடு நடந்து வந்தாள். கூட இருதயமேரி, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் கட்டுகிற நீலப் புடவையில்.

வர வேண்டியவர்களில் ஒருவர் வரவில்லை. ஒரு இடம் காலியாக இருந்தது. நடத்துகிறவர்களிடம் நெடுஞ்செழியன் என்னவோ பேசிவிட்டு வந்து, ‘உங்க பேரக் குடுத்துட்டேங்கம்மா’ என்றார். இருதயமேரி சிரித்து மறுத்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். ‘சும்மா ஆடும்மா, தோத்தா உட்காந்துக்கலாம்’ என்றாள் செல்வி.

முதல் ஆட்டத்தில் இருதயமேரிக்கு எதிரே ஒரு கல்லூரி மாணவன் உட்கார்ந்தான். எதிரே இருக்கிற அம்மாவைக் குத்தி அடிக்க அவனுக்கு ஒரு மாதிரி இருந்திருக்க வேண்டும். பிடித்து எறிந்து சீக்கிரம் முடித்துவிடலாம் என்று நினைத்தான். அவன் போட்ட முதல் பிடியைச் செகப்புப் பாவாடை உதறிவிட்டு ஒரு உதை விட்டாள். இரண்டாவதையும் அப்படியே. அவன் நிமிர்ந்து உட்கார்ந்து ஒழுங்காக ஆட ஆரம்பிப்பதற்குள் ஆட்டம் கையைவிட்டுப் போயிருந்தது. எழுந்து அவள் கையைக் குலுக்கி, எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டான். வீட்டில் என்றாள் இருதயமேரி.

செல்வியும் தன் முதல் ஆட்டத்தை ஜெயித்திருந்தாள். அடுத்த ஆட்டத்துக்கான பெயர்களை மைக்கில் படித்தார்கள். ஆரோக்கியசெல்வி, இருதயமேரி. மண்டபத்தில் பாதிப்பேருக்கு அந்தப் பெயர்கள் வீடியோவிலிருந்து தெரியும். சத்தம் எழுந்தது. பின்னால் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட முன்னால் வந்து நின்றார்கள்.

மூன்றில் இரண்டு சுற்று ஜெயிக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

“விட்டுக் குடுக்காத செல்வி” என்றாள் அம்மா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

முதல் சுற்றில் செல்வி போட்ட பிடி ஒன்றுகூட நிற்கவில்லை. இடது கை, உதறல். வலது கை, உதறல். இரண்டு கையும், உதறல். ஒவ்வொரு உதறலுக்கும் ஒரு உதை. கணுக்காலைப் பிடிக்கலாம் என்றால் அம்மா குதிக்கவே இல்லை. குதித்தால் என்ன ஆகும் என்று உலகத்திலேயே முதலில் தெரிந்துகொண்டவள் அவள்தானே. மாதக்கணக்காகச் சாயங்காலந்தோறும் பார்த்த கைகள் அவை. போர்கா மெதுவாகக் கீழே சாய்ந்தாள். முதல் சுற்று இருதயமேரிக்கு. மண்டபம் கைதட்டியது. செல்வியும் கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டுக் கைதட்டினாள்.

இரண்டாவது சுற்றில் அவள் பிடிக்கவே இல்லை. தடுத்தாள், காத்திருந்தாள், மெதுவான அந்தக் குத்தை விட்டாள். அம்மாவுக்குப் பிடியைப் பார்க்கத் தெரியும், குத்தைத் தடுக்க அவ்வளவாகத் தெரியாது. போர்காவுக்கும் கொஞ்சம்தான் தெம்பு மிஞ்சியிருந்தது; ஆனாலும் சுற்று செல்விக்கு வந்தது.

மூன்றாவது சுற்று தொடங்கியதும் போர்கா யாரும் எதிர்பார்க்காத காரியம் செய்தாள். அந்தக் கனத்த உடம்போடு எகிறிக் குதித்து, செகப்புப் பாவாடையின் தலைக்கு மேலே போய், வலது பக்கம் இறங்கினாள். இடப்புறம் திரும்பினாள். இரும்புக் கவசம் முன்னால் வந்தது.

“அடிப்பாவி” என்றாள் இருதயமேரி மெதுவாக.

முதல் பிடி கவசத்துக்குப் பின்னாலிருந்து வந்தது. அம்மா அமுக்கியது தப்பான பொத்தான். செகப்புப் பாவாடை பறந்தாள். எறிந்ததும் இருவரும் பக்கம் மாறிவிடுகிற பிடிகளும் உண்டு; அது அப்படிப்பட்ட பிடியாக இல்லாமல் செல்வி பார்த்துக்கொண்டாள். இரண்டாவது பிடிக்கு இருதயமேரி நாற்காலியின் நுனிக்கு வந்து, தலையைச் சாய்த்து, தட்டுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிற மாதிரி திரையைப் பார்த்தாள். மண்டபமே அவளோடு சேர்ந்து தலையைச் சாய்த்தது. அந்தப் பிடியை உதறிவிட்டாள். கண்ணால் பார்த்தாளா, பெற்ற பெண் அடுத்து என்ன செய்வாள் என்று தெரிந்து அமுக்கினாளா, அவளுக்கே தெரியாது. உதை விழுந்தது. மண்டபத்தில் விசில் பறந்தது. மூன்றாவது பிடி மறுபடியும் விழுந்தது. நாலாவதும் விழுந்தது. செகப்புப் பாவாடை எழுந்திருக்கவில்லை.

செல்வி திரும்பி அம்மாவைக் கட்டிக்கொண்டாள். இருதயமேரி சிரித்துக்கொண்டே அவள் முதுகில் ஒரு அடி வைத்தாள்.

“அந்தப் பக்கம் போவாதன்னு அன்னிக்கே சொன்னேன்ல” என்றாள். அது மைக்கில் விழுந்து மண்டபம் முழுக்கக் கேட்டது.

அதற்குப் பிறகு நடந்த ஆட்டங்களில் செல்வி இறுதிவரை வந்தாள். இறுதியில் ஆர்த்தியிடம் தோற்றாள். ஆர்த்தி விழுப்புரத்துப் பெண், இன்ஜினியரிங் படிக்கிறவள், போன வருஷமும் அவள்தான் ஜெயித்தாள். அம்மாவும் பெண்ணும் ஆடியதை முதல் வரிசையில் நின்று பார்த்திருந்தாள். இறுதி ஆட்டம் முழுக்கப் போர்காவை வலது பக்கம் போகவே விடவில்லை. அவள் குதிக்கக் கிளம்பும்போதெல்லாம் கீழே இறக்கினாள். கடைசிச் சுற்று வரைக்கும் இழுத்துப் பார்த்தும் செல்வியால் முடியவில்லை. ஆனால் தோற்றதைவிட, கவசத்தின் ரகசியத்தை ஒரே ஆட்டத்தில் பார்த்துப் புரிந்துகொண்ட ஒருத்தி எதிரே உட்கார்ந்திருந்ததுதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது. ஆட்டம் முடிந்ததும் இருவரும் எழுந்திருக்காமல் அங்கேயே உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். ஒன்பதாவது ஃப்ரேமா, எட்டா என்று ஆர்த்தி கேட்டாள். செல்வி பதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். நடத்துகிறவர்கள் பரிசு கொடுக்க இரண்டு முறை பெயர் கூப்பிட வேண்டியதாயிற்று.

செல்வியின் முட்டி இப்போது தேறிவிட்டது. படிப்பை முடித்துவிட்டு, திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளியில் பெண்களுக்குக் கபடி சொல்லித் தருகிறாள். டாக்டர் அனுமதித்த பிறகு தானும் மெதுவாக ஆடத் தொடங்கியிருக்கிறாள். நெடுஞ்செழியனின் சேனலில் பிடிகளைப் பற்றிய வீடியோக்கள் எல்லாம் இப்போது அவள் பேசுபவை. எல்லா வீரர்களின் பிடிகளையும், இரண்டு பக்கமும் வைத்து, ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்க வேண்டும் என்பது அவள் திட்டம். இன்னும் ஐந்து பேர் பாக்கி.

இதற்கெல்லாம் முன்பே, போட்டி முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, செல்வியின் ஊருக்கு ஆர்த்தி வந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கி, வழி கேட்டுக் கேட்டு, பையில் தன் கன்ட்ரோலரோடு வந்து நின்றாள். செல்வி தன்னைத்தான் பார்க்க வந்திருக்கிறாள் என்று நினைத்தாள்.

“உங்களப் பாக்கவும்தாங்க்கா வந்தேன்” என்றாள் ஆர்த்தி, கொஞ்சம் கூச்சத்தோடு. “ஆனா எனக்குப் பிடிய உதற வராது. யாராவது பக்கத்துல வந்துட்டாலே பயந்துக்கினு பின்னால போயிடுவேன். அதான், அம்மாகூட உக்காந்து ஆடலாமான்னு.”

இருதயமேரி பூசை முடிந்து வந்து அடுப்பில் கறியை வைத்திருந்தாள். அதைச் சின்னத் தீயில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். வந்த பெண்ணை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சாப்பிட்டுத்தான் போகணும் என்று முதலில் சொல்லிவிட்டாள். பிறகு லேப்டாப் முன்னால் பாயை விரித்தாள்.

“மொதல்ல போர்காவ நீ எடு” என்றாள் ஆர்த்தியிடம். “நான் செகப்புப் பாவாடை. நான் எப்படி உதறுறன்னு பாத்துக்க. செல்வி, கறி அடிபுடிக்காம நீ போய்ப் பாத்துக்க.”